மனுவும் ஒப்பந்தமும்: மெம்பிஸ் 1968

நான் எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் சாயங்காலம் என் அம்மாவும் அவளோடு தெருக்கூட்டுகிற நாற்பது பெண்களும் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். நகராட்சிக்கு ஒரு மனு எழுதித் தரணுமாம். பி.எப். பணம் பிடிக்கிறார்கள், கணக்கு இல்லை. கையுறை இல்லை. மஸ்டர் ரோலில் பதினைந்து வருசம், நிரந்தரம் இல்லை. “நீதான் தமிழு படிக்கிறியே, அவங்க மனசு எளகுற மாதிரி உருக்கமா எழுதும்மா” என்றாள் அம்மா.

எழுதினேன். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினேன். ‘சமூகத்திற்கு’ என்று தொடங்கி, ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறோம்’ என்று நடுவில் மூன்று இடத்தில் போட்டு, ‘கருணை கூர்ந்து’ என்று முடித்தேன். நாற்பது பேரும் ரேகை வைத்தார்கள். அதிகாரி எங்களை உட்காரச் சொல்லவில்லை. மனுவைப் படிக்கவும் இல்லை. “சங்கம் கிங்கம்னு கூட்டமா வராதீங்கம்மா. கஷ்டம்னா தனித்தனியா வாங்க, நான் செய்ய மாட்டேனா?” என்றார். அந்தத் தீபாவளிக்கு ஆளுக்கொரு சேலை வந்தது. பி.எப். கணக்கு வரவில்லை.

தமிழில் மனு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒருவன் நம்மைக் கீழே வைத்துச் சட்டம் எழுதினவன். இன்னொன்று நாமே நம்மைக் கீழே வைத்து எழுதிக்கொடுக்கிற காகிதம். இந்த இரண்டுக்கும் உள்ள உறவு, பல வருசம் கழித்து அமெரிக்காவில் ஒரு நகரத்துக் குப்பை அள்ளுகிறவர்களின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரலாற்றை நம் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மெம்பிஸ், டென்னசி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற நகரம். பருத்திச் சந்தையால் வளர்ந்த ஊர். 1960களில் அந்த நகராட்சியில் குப்பை அள்ளியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பர்கள். மேற்பார்வையாளர்கள் வெள்ளையர்கள். கறுப்பர்களில் நிறையப்பேர் சுற்றுவட்டாரப் பருத்திப் பண்ணைகளில் குத்தகைக்கு உழைத்து, கடனிலேயே கிடந்து, பிழைக்க வழியில்லாமல் நகரத்துக்கு வந்தவர்கள். நம் ஊரில் பண்ணையாளாக இருந்த குடும்பம் நகராட்சித் துடைப்பத்துக்கு வந்த கதைதான் இது.

வேலை எப்படி? குப்பைத் தொட்டி தெருவில் இருக்காது. வெள்ளைக்காரர் வீட்டுப் பின்கட்டுக்குப் போய், அங்கே கிடப்பதையெல்லாம் ஒரு பெரிய தொட்டியில் அள்ளி, தலையிலோ தோளிலோ தூக்கி வண்டிக்குக் கொண்டுவரணும். தொட்டி ஓட்டையாக இருக்கும். அழுகல் தண்ணி கழுத்து வழியாக இறங்கும், புழு சட்டைக்குள் விழும். எடுப்புக் கக்கூஸ் காலத்தில் எங்கள் ஆயா தலையில் சுமந்ததைப் பற்றி அம்மா சொல்லும்போது இதே வாசகங்கள்தான் வரும். கூலி மணிக்கு 1 டாலர் 60 சென்டிலிருந்து 1 டாலர் 80 சென்ட் வரைக்கும். முழுநேரம் வேலை செய்தும் பல குடும்பங்கள் அரசு தருகிற ஏழைகள் உதவித்தொகையை வாங்கித்தான் சாப்பிட்டன. அறுபது வயசுக்காரரைக்கூட ‘பாய்’ என்றுதான் வெள்ளையர்கள் கூப்பிடுவார்கள். பையா, டேய் பையா. இதற்கு விளக்கம் நம் தெருவில் யாருக்கும் தேவைப்படாது.

1968 ஜனவரிக் கடைசியில் மழை. வடிகால் வேலைக்குப் போன கறுப்பர்கள் 22 பேரை இரண்டு மணிநேரக் கூலி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளை மேற்பார்வையாளர்களுக்கு அன்றைக்கு முழுநாள் சம்பளம். அடுத்து பிப்ரவரி 1. மறுபடியும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளிகள் குப்பை வண்டியின் பின்பக்கம், குப்பை கொட்டுகிற இடத்திலேயே ஒண்டினார்கள். திடீரென்று குப்பையை நசுக்குகிற எந்திரம் ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரையும் உள்ளே இழுத்து நசுக்கியது. கோலுக்கு வயசு 36, வாக்கருக்கு 30. அந்த மாதிரிப் பழைய வண்டிகள் ஆபத்தானவை, மாற்றுங்கள் என்று தொழிலாளிகள் முன்பே சொல்லியிருந்தார்கள். தினக்கூலிகளுக்கு விபத்து இழப்பீட்டுப் பாதுகாப்பு கிடையாது. நகராட்சி குடும்பங்களுக்குக் கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும்.

பிப்ரவரி 12ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. யாரும் உத்தரவு போட்டு நடந்த வேலைநிறுத்தம் அல்ல இது. தேசிய அளவில் அரசு, நகராட்சி ஊழியர்களுக்கு இருந்த ஏ.எப்.எஸ்.சி.எம்.ஈ. என்ற பெரிய சங்கத்தின் தலைமைக்கே இது அதிர்ச்சி. குளிர்காலத்தில் குப்பை நாறாது, இப்போது போய் யாராவது ஸ்டிரைக் பண்ணுவார்களா என்று அவர்கள் தலையில் கைவைத்தார்கள். ஆனால் செத்தவன் வீட்டுக்காரனுக்குக் காலம் பார்க்கத் தெரியாது.

உள்ளூர்ச் சங்கத்தை உண்டாக்கியவர் டி.ஓ. ஜோன்ஸ். அவரே குப்பை அள்ளியவர். 1963இல் சங்கம் வைக்கப் பார்த்தார் என்று 33 பேரோடு சேர்த்து வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர். பிறகு சங்கம் பதிவானபோது அதற்கு 1733 என்று எண் வாங்கினார்கள். துரத்தப்பட்ட அந்த 33 பேரின் நினைவு அந்த எண்ணுக்குள்ளே இருக்கிறது. 1966இலும் ஒரு வேலைநிறுத்தம் தொடங்கப் பார்த்தது, நகராட்சி நீதிமன்றத் தடை வாங்கி முளையிலேயே கிள்ளிவிட்டது.

அவர்கள் என்ன கேட்டார்கள்? கூலி உயர்வு கேட்டார்கள். பதவி உயர்வில் நியாயம் கேட்டார்கள். குறை சொன்னால் விசாரிக்க ஒரு முறை கேட்டார்கள். இவற்றோடு இன்னும் இரண்டு. சங்கத்தை அங்கீகரித்து எழுத்தில் ஒப்பந்தம் போடு. சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்குக் கொடு. கூலிக்காக அல்ல, இந்த இரண்டுக்காகத்தான் 65 நாள் சண்டை நடந்தது.

மேயர் ஹென்றி லோப். அந்த ஜனவரியில்தான் பதவிக்கு வந்திருந்தார். அதற்கு முன்பே ஒருமுறை மேயராக இருந்தவர். அதற்கும் முன்னால் குப்பைத் துறையையே நிர்வகித்த பொதுப்பணி ஆணையர். சலவைத் தொழில் நடத்திய பணக்காரக் குடும்பம். அவர் தொழிலாளிகளை வெறுப்பதாகச் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். என் கதவு திறந்திருக்கிறது, என் ஆட்களின் குறையை நான் பார்த்துக்கொள்வேன், நடுவில் சங்கம் எதற்கு என்பதுதான் அவர் நிலை. நகராட்சிக்கு எதிராக வேலைநிறுத்தம் சட்டவிரோதம், வேலைக்குத் திரும்பினால்தான் பேச்சு, சங்கத்தோடு ஒப்பந்தம் கிடையவே கிடையாது என்று நின்றார். எங்கள் ஊர் அதிகாரியின் குரல் எனக்குக் கேட்கிறது. “தனித்தனியா வாங்க, நான் செய்ய மாட்டேனா?”

பண்ணையார் ஈகை செய்வார். பண்டிகைக்கு வேட்டி தருவார், கல்யாணத்துக்கு நெல் தருவார். பண்ணையாளோடு சமமாக உட்கார்ந்து கணக்கெழுதிக் கையெழுத்துப் போட மட்டும் மாட்டார். ஏனென்றால் கையெழுத்துப் போட்ட அந்த நிமிஷத்தில் எதிரே இருப்பவன் ‘ஆள்’ என்பதிலிருந்து ‘தரப்பு’ என்று ஆகிவிடுகிறான். கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஒப்புக்கொண்டதை நிறுத்த முடியாது. லோப் பயந்தது இதற்குத்தான்.

பேச்சுவார்த்தை எப்படி நடந்தது என்பதும் பார்க்க வேண்டியது. பிப்ரவரி 13ஆம் தேதி தேசியச் சங்கத்திலிருந்து வந்த பி.ஜே. சியாம்பாவோடு பேசும்போது, பத்திரிகைக்காரர்களும் தொலைக்காட்சிக் கேமராக்களும் இருக்கத்தான் பேசுவேன் என்றார் மேயர். கேமரா முன்னால் யாரும் ஒரு படி இறங்கி வர முடியாது. சியாம்பா கோபத்தில் கத்தினார். வெள்ளையர் வீடுகளில் அதைப் பார்த்தவர்கள், வெளியூர்க்காரன் வந்து நம் மேயரை அவமதிக்கிறான் என்று கொதித்தார்கள். சியாம்பாவே ஊருக்குப் போ என்று கார்களில் ஒட்டிக்கொண்டார்கள். மேயர் புது ஆட்களை எடுத்து, போலீஸ் காவலோடு வண்டிகளை ஓட்டினார்.

நகர்மன்றத்தில் 13 உறுப்பினர்கள், அதில் கறுப்பர்கள் மூன்று பேர். பிப்ரவரி 22 அன்று தொழிலாளிகள் கூட்டமாக மன்றக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் அங்கேயே ரொட்டியை அறுத்து இறைச்சி வைத்துச் சாப்பாடு தயார் பண்ணிக் கொடுத்தார்கள். கனவான்கள் கூடும் மேசையில் குப்பைக்காரன் சோறு! பிரெட் டேவிஸ் என்ற கறுப்பின உறுப்பினர் தலைமையில் இருந்த குழு, சங்கத்தை அங்கீகரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. மறுநாள் முழு மன்றம் கூடி அதைக் கைகழுவிவிட்டு, எல்லாம் மேயர் பொறுப்பு என்றது. வெளியே ஊர்வலமாகப் போனவர்கள் மேல் போலீஸ் மிளகாய் நெடிபோல எரிகிற மேஸ் திரவத்தைப் பீய்ச்சியது. போதகர்கள் மேலேயும் பீய்ச்சியது. அடுத்த நாள் நீதிமன்றத் தடையும் வந்தது.

அந்த ஒருநாள் அடிதான் இதை ஊர்ப் பிரச்சினை ஆக்கியது. அதுவரை குப்பைக்காரர்கள் விவகாரம் என்று கொஞ்சம் தள்ளியே நின்ற கறுப்பின நடுத்தர வர்க்கமும் தேவாலயங்களும் இறங்கி வந்தன. ஜேம்ஸ் லாசன் என்ற போதகர் தலைமையில் குழு அமைந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை அரிசி பருப்பாகத் தொழிலாளிகள் வீட்டுக்குப் போனது. கடைவீதியைப் புறக்கணித்தார்கள், வெள்ளையர் நடத்திய இரண்டு செய்தித்தாள்களைப் புறக்கணித்தார்கள். தினசரி ஊர்வலம். கிளேபோர்ன் டெம்பிள் என்ற தேவாலயத்தில் அட்டைகள் அச்சடித்தார்கள். அட்டையில் கூலிக்கணக்கு இல்லை, கோரிக்கை இல்லை. ‘நான் ஒரு மனிதன்’, அவ்வளவுதான். ‘பாய்’ என்று கூப்பிட்ட ஊருக்குப் பதில்.

மார்ச் 18 அன்று மார்ட்டின் லூதர் கிங் வந்து பேசினார். குப்பை அள்ளுபவன் வேலை நின்றால் நோய் பரவும், ஆகவே அவன் வேலை மருத்துவர் வேலைக்குக் குறைந்தது அல்ல என்ற பொருளில் பேசினார். கிங்குக்கும் நமக்கும் ஒரு நூல் உண்டு. 1959இல் அவர் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் சுருக்கென்றது, பிறகு யோசித்துப் பார்த்து ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன் என்று அவரே 1965இல் தேவாலயத்தில் சொல்லியிருக்கிறார். அதற்கும் முன்னால் 1946இல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அய்.நா.வுக்குக் கறுப்பர்கள் கொடுத்த விண்ணப்பத்தின் படி கேட்டிருந்தார். நான் ஏதோ தூரத்துக் கதையை இழுத்துவந்து ஒட்டவைக்கவில்லை, ஒட்டு முன்பே இருக்கிறது.

மார்ச் 28 ஊர்வலத்தில் கடைக்கண்ணாடிகள் உடைந்தன. போலீஸ் அடித்தது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையன் போலீஸ் துப்பாக்கியால் செத்தான். ஏறக்குறைய 4,000 தேசியக் காவல்படையினர் இறங்கினார்கள். மறுநாள் தொழிலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பக்கம் துப்பாக்கி முனைக் கத்திகள், இன்னொரு பக்கம் கவச வண்டிகள், நடுவில் அதே அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். ஏப்ரல் 4 சாயங்காலம் லோரெய்ன் விடுதி மாடத்தில் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். 8ஆம் தேதி அவர் மனைவி கொரெட்டா முன்னால் நடக்க, சுமார் 40,000 பேர் சத்தமில்லாமல் மெம்பிஸ் தெருவில் போனார்கள்.

கிங் கொல்லப்பட்ட பிறகுதான் ஜனாதிபதி ஜான்சன் தொழிலாளர் துறைத் துணைச் செயலர் ஜேம்ஸ் ரேனால்ட்ஸை அனுப்பினார். அப்போதும் மேயர் இறங்கவில்லை. இன்னும் பல நாள் பேச்சு. கடைசியில் ஏப்ரல் 16 அன்று உடன்பாடு. சங்கத்துக்கு அங்கீகாரம், எழுத்தில். குறைதீர்க்கும் முறை. பதவி உயர்வில் பாகுபாடு கூடாது. சந்தாவை நகராட்சி நேராகப் பிடித்துச் சங்கத்துக்குத் தராது. ஊழியர் கடன் சங்கத்துக்குப் போய், அங்கிருந்து தொழிற்சங்கத்துக்குப் போகும். மேயரின் மூஞ்சியைக் காப்பாற்ற ஒரு சுற்றுவழி. கூலி மே முதல் தேதியிலிருந்து மணிக்கு 10 சென்ட், செப்டம்பரில் இன்னொரு 5 சென்ட்.

அந்தக் கூலி உயர்வுக்கு அந்த ஆண்டு பட்ஜெட்டில் பணம் இல்லை என்றார்கள். ஏப் பிளவ் என்ற மருந்துக் கம்பெனி முதலாளி தன் பெயர் வெளியே தெரியாமல் சுமார் 60,000 டாலர் கொடுத்தார். பிரச்சினை தீர்ந்தது! இதை முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு பணக்காரர் ஒரே காசோலையில் தீர்க்கக்கூடிய தொகைக்காகவா 65 நாள்? இத்தனை பிணம்? பணம் ஒருநாளும் பிரச்சினையாக இருக்கவில்லை. குப்பை அள்ளுகிற கறுப்பனோடு காகிதத்தில் சமமாக நிற்க முடியாது என்பதுதான் பிரச்சினை. 10 சென்ட்டை ஒரு பணக்காரரின் ஈகை கொடுத்துவிட்டது. அங்கீகாரத்தை எந்தப் பணக்காரனும் கொடுக்க முடியாது, அதைத் தொழிலாளிகள்தான் பிடுங்கினார்கள். கிளேபோர்ன் டெம்பிளில் உடன்பாட்டைப் படித்து வாக்கெடுத்தபோது எதிர்ப்பு இல்லை. டி.ஓ. ஜோன்ஸ் அழுதார்.

இதோடு முடித்தால் சினிமா. வரலாறு முடியவில்லை. அந்த வேலைநிறுத்தக்காரர்களுக்கு நகராட்சி ஓய்வூதியம் கிடையாது. பொதுவான சமூகப் பாதுகாப்புத் தொகையை மட்டும் நம்பி, சிலர் முதுமையிலும் குப்பை வண்டியிலேயே இருந்தார்கள். 2017இல்தான், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, உயிரோடு மிஞ்சியிருந்தவர்களுக்கு ஆளுக்கு 70,000 டாலர் தருவதாக நகராட்சி முடிவெடுத்தது. மிஞ்சியவர்கள் கொஞ்சப்பேர்தான். லோரெய்ன் விடுதி அருங்காட்சியகம் ஆகிவிட்டது. அட்டைகள் அச்சடித்த கிளேபோர்ன் டெம்பிள் 2025 ஏப்ரலில் எரிந்துபோனது.

இன்னொன்று, நம்மைச் சுடுவது. அட்லாண்டா நகரத்தில் 1970இல் குப்பைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது துணை மேயராக இருந்த மேனார்ட் ஜாக்சன் அவர்கள் பக்கம் நின்றார். பிறகு அவரே அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர் ஆனார். 1977இல் அதே தொழிலாளிகள் மறுபடி வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தத் தடவை 900க்கும் மேற்பட்டோரை வேலைநீக்கம் செய்தது அதே ஜாக்சன்தான். மார்ட்டின் லூதர் கிங்கின் தகப்பனாரே மேயர் பக்கம் நின்றார். தனித்தொகுதியில் நம்மாள் சேர்மன் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிற நம் தோழர்கள் இதை ஒருதரம் படிக்கணும். நம்மாள் நாற்காலியில் உட்காருவது வேண்டும், அதற்காகச் சண்டை போடுவோம். ஆனால் நாற்காலி யாருடையதாக இருந்தாலும் எதிரே போடுகிற ஒப்பந்தம் தனியாக வேண்டும். நம்மாளின் நல்ல மனசும் மனுவுக்கு இளகுகிற மனசுதான்.

நம் நாட்டிலும் இந்தச் சண்டை புதிது அல்ல. 1938இல் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்குகிற தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாய் சட்டமன்றத்தில் பேசிய அம்பேத்கர், வேலைநிறுத்த உரிமை என்பது சுதந்திரத்துக்கு இன்னொரு பெயர் என்ற பொருளில் வாதிட்டார். நவம்பர் 7 அன்று நடந்த வேலைநிறுத்தத்தில் அவரே இறங்கினார். 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது உச்சநீதிமன்றம். 2025 ஆகஸ்டில் சென்னையில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து, மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. தோட்டி என்பது துப்புரவு ஆகி, துப்புரவு தூய்மை ஆகிவிட்டது. மேசைக்கு எதிரே நாற்காலி மட்டும் இன்னும் போடப்படவில்லை.

மெம்பிஸில் முதலாளி யார் என்ற குழப்பமாவது இல்லை, நகராட்சிதான் முதலாளி. இப்போது நகராட்சியிடம் போனால் நீ எங்கள் ஆளே இல்லை, காண்ட்ராக்டரிடம் போ என்கிறார்கள். காண்ட்ராக்டரிடம் போனால் நகராட்சி பணம் தரவில்லை என்கிறான். லோப் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். இவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய ஆளையே ஒளித்துவைத்துவிட்டார்கள். ஆகவே நம் முதல் கோரிக்கை கூலி அல்ல, யார் எங்களோடு பேசப் போகிறீர்கள் என்பதுதான்.

மெம்பிஸ் அட்டையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த அட்டையில் இருக்கிற மனிதன் ஆண். மன்றக் கூடத்தில் ரொட்டி அறுத்த பெண்களுக்கு அட்டை இல்லை. எங்கள் ஊரில் துடைப்பம் பிடிக்கிறவள் பெண். அவளை ‘வாடி போடி’ என்பவன் மேஸ்திரி மட்டும் இல்லை, சாயங்காலம் வீட்டுக்கு வருகிற எங்கள் நைனாவும்தான். நாம் அட்டை எழுதும்போது ‘மனுசி’ என்று எழுத மறக்கக் கூடாது.

அம்மா இப்போது காண்ட்ராக்டர் பதிவேட்டில் இருக்கிறாள். போன மாசம் அதே பெண்கள் மறுபடியும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள், எண்ணிக்கை கூடியிருந்தது. இந்தத் தடவை நான் மனு எழுதவில்லை. ‘கோரிக்கைப் பட்டியல்’ என்று தலைப்புப் போட்டேன். தாழ்மையுடன் இல்லை, கருணை இல்லை. கடைசியில் இரண்டு பத்தி விட்டேன், ஒன்று சங்கத்துக்கு, ஒன்று நகராட்சிக்கும் காண்ட்ராக்டருக்கும். வாசித்துக் காட்டினேன். “அந்தப் பக்கம் எதுக்கு வெறுமையா வுட்டிருக்க?” என்று அம்மா கேட்டாள். அவங்க கையெழுத்துப் போடுறதுக்கு என்றேன். “போடட்டும். இத்தன வருசம் நாங்கதான ரேக வச்சோம்” என்றாள்.

பட்டியலைக் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். பேச்சுவார்த்தைக்கு நாள் இன்னும் குறிக்கவில்லை. தனித்தனியாக வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். யாரும் போகவில்லை.